விளக்கில் எண்ணெய் உண்டா?



முந்திரியும் பலாவும் செழிக்கும் காடாம்புலியூர் மண்ணில் வாழும் நமக்கு, வீட்டைச் சூடாக்க ஒரு கருவி வேண்டும் என்றால் நகைப்பே வரும். ஆயினும் நம் பிள்ளைகள் பலர் இன்று கனடா போன்ற குளிர் நாடுகளில் வாழ்கின்றனர். சனவரி இரவுகளில் அங்கே குளிர் உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரை இறங்குவதுண்டு. நிலவறையில் எரியும் உலையே அவ்வீடுகளுக்கு உயிர்நாடி. அதனை வேண்டும்போது எரியவும் போதுமானபோது அணையவும் செய்வது, கூடத்துச் சுவரிலுள்ள 'தெர்மோஸ்டாட்' என்னும் சிறு பெட்டியாகும். அமெரிக்க ஆசிரியர் வாரன் ஜான்சன் 1883ஆம் ஆண்டில் இத்தகைய மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், டொராண்டோவில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பினார். அவர் கூறிய செய்தி நம் சிந்தனைக்குரியது.

அவ்வீட்டில் பழைய வட்டப் பெட்டி ஒன்று இருந்தது. அதனுள் இருவகை உலோகங்களை ஒட்டிச் சுருட்டிய தகடும், அதன்மேல் பாதரசம் அடங்கிய சிறு கண்ணாடிக் குழாயும் இருந்தன. குளிர்ந்தால் தகடு சுருண்டு குழாய் சாயும், பாதரசம் உருண்டோடி இரு கம்பிகளை இணைக்கும், உலை எரியும். அப்பெட்டிக்கெனத் தனியே மின்னாற்றல் வேண்டியதில்லை.

இரவில் தானே சூட்டைக் குறைத்து விடியலில் கூட்டும் புதிய பெட்டியை மருமகன் வாங்கி வந்தார். பழைய சுவரில் இரண்டே கம்பிகள் இருந்தமையால், புதியது மின்கலத்தால் இயங்குவதாக அமைந்தது. உலைக்குச் செல்லும் மின்சாரத்தை முதலில் நிறுத்தி, எந்தக் கம்பி எந்தத் திருகில் இருந்தது எனக் குறித்துக்கொண்டு, மாமனும் மருமகனும் அரைமணியில் வேலையை முடித்தனர். பாதரசத்தின் நஞ்சு நாம் அறியாததன்று. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டதும் அதனால் எழுந்த மாசின் பொருட்டே. ஆதலின் பழைய பெட்டியைக் குப்பையில் எறியாமல், அபாயக் கழிவுகளைப் பெறும் நகராட்சி நிலையத்தில் ஒப்படைத்தனர்.

அடுத்த ஆண்டு சனவரியில் ஒருநாள் நள்ளிரவில் வீடு குளிர்ந்து போயிற்று. கைக்குழந்தை வீறிட்டழுதது. மின்கலம் தீர்ந்து பெட்டி உறங்கிவிட்டது! புதிய மின்கலம் வீட்டில் இல்லை. குழந்தையின் விளையாட்டுப் பொம்மையில் இருந்த இரண்டைக் கழற்றிப் பொருத்திய பின்னரே உலை எரிந்தது. இன்னும் சில மணி நேரம் சென்றிருப்பின் குழாய்களில் நீர் உறைந்து அவை வெடித்திருக்கும் என்றார் மருமகன்.

மின்கலம் குறைகிறது என்னும் அடையாளம் சில வாரங்களாகவே பெட்டியில் மின்னிக்கொண்டிருந்ததாம். மனைவி கவனிப்பாள் என்று கணவரும், கணவர் மாற்றுவார் என்று மனைவியும் இருந்துவிட்டனர்.

பத்துக் கன்னியரின் உவமை நம் நினைவுக்கு வருகிறதன்றோ? ஐவரிடம் விளக்கு இல்லாமலில்லை, எண்ணெய்தான் இல்லை.

ஊரில் இருந்தவரை, கோவில் மணி நம்மை எழுப்பியது; மாலையில் தாயின் குரல் செபமாலைக்கு அழைத்தது. பழைய பெட்டியைப் போல், நாம் தனியே முயலாமலே பக்தி நடந்தது. அயல்நாட்டில் மணியோசை எட்டாத அடுக்குமாடியில் வாழும் பிள்ளைகள் தாமே எண்ணெய் வார்க்க வேண்டியவர்கள். அவர்களைக் குறைகூறுவதை விட, வாரம் ஒருமுறை தொலைபேசியிலாவது அவர்களோடு சேர்ந்து ஒரு பத்து மணி செபிப்பது நலம்.

ஊரிலிருக்கும் நமக்கும் இது பொருந்தும். மகனின் திடீர் மௌனம், மனைவியின் சோர்வு, முதியவர் உணவைத் தள்ளுவது ஆகிய யாவும் மின்னும் அடையாளங்களே. 'வேறொருவர் கவனிப்பார்' என்று நாம் கடந்து செல்லலாமா?

அந்தக் குடும்பத்தார் இப்போது ஒரு வழக்கம் வைத்துள்ளனர். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று முதல் மெழுகுதிரியை ஏற்றியதும், பெட்டியின் மின்கலங்களை மாற்றுகின்றனர். அதனை நினைவூட்டும் பொறுப்பு, காடாம்புலியூரில் இருக்கும் தாத்தாவுடையது.