வாப்பாவுக்குப் பின்னிய தொப்பி



ஏர்வாடி, கீழக்கரைப் பகுதிகளில் வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் பல. விடுமுறை முடிந்து அவர் புறப்படும் நாளில், மகள் தன் கையால் பின்னிய நூல் தொப்பியை நீட்டுகிறாள். "தர்கா கடைகளில் மலிவாகக் கிடைக்குமே, இதற்கா இத்தனை நாள் உட்கார்ந்தாய்?" என்கிறார் வீட்டுப் பெரியவர் ஒருவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பயணப் பெட்டியில் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் இடமுண்டு. தொப்பி அலமாரிக்குத் திரும்புகிறது.

இந்தச் சிரிப்பை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஒரு பெண்மணி, தாமே கைப்பட நெய்த கரையிட்ட போர்வையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து, அவர்கள் அணிவதற்காகவே நெய்ததாகக் கூறினார். நபியவர்கள் அதை ஏற்று, அணிந்துகொண்டே தோழர்கள் முன் வந்தார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. அங்கே விலை பேசப்படவில்லை. நெய்த கை மதிக்கப்பட்டது. அண்டை வீட்டார் தருவது ஓர் ஆட்டுக் குளம்பேயானாலும் அற்பமாகக் கருதக் கூடாதென்பதும் நபிமொழியே. அண்டை வீட்டாருக்கே அந்த மரியாதை என்றால், பெற்ற பிள்ளைக்கு எவ்வளவு?

நெல்லைச் சீமையின் பத்தமடையில் நம் சமுதாயத்துப் பெண்கள் நெய்யும் கோரைப் பாய்களில் மணமக்களின் பெயர்களையும் நெய்து தருகிறார்கள். கடைத்தெருவில் ஆயிரம் பாய் கிடைக்கும். அந்தப் பெயருள்ள பாய் ஒன்றுதான். வாப்பாவின் தலையளவைப் பார்த்துப் பின்னிய தொப்பியும் அப்படித்தான்.

வெயிலில் உழைத்து அவர் வாங்கி வரும் பொருள்களை நாம் குறைத்துப் பேசவில்லை. அதுவும் அன்புதான். ஆனால் விலையுள்ளதே அன்பளிப்பு என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது பெரும் பிழை. அப்பாடத்தைக் கற்ற பிள்ளைதான் வளர்ந்தபின், முதுமையில் தனித்திருக்கும் உம்மாவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறான். அப்போது அவனை நொந்து என்ன பயன்? அன்று சிரித்தவர்கள் நாமல்லவா?

"பெண்களுக்கு ஏற்கெனவே வேலைச் சுமை; இதில் பின்னல் வேறா?" என்று சிலர் கேட்கலாம். பின்னுவது பெண்களுக்கு மட்டுமே உரியதென்று யார் சொன்னது? நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள், தம் ஆடையைத் தாமே தைத்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஆண்பிள்ளையும் ஊசி பிடிக்கட்டும். நம் ஊரைச் சுற்றிப் பனைகளுக்குப் பஞ்சமில்லை. விடுமுறையில் வந்த வாப்பா ஓலைக் காற்றாடி ஒன்றைச் செய்து மகன் கையில் கொடுக்க, அரைமணி நேரம் போதும். ஆண்டு முழுவதும் அருகில் இல்லாத கை தனக்காக அமர்ந்து வேலை செய்ததைக் கண்ட பிள்ளை, அதை மறக்காது.

பெற்றோர்களே, அடுத்த பயணத்தில் அந்தத் தொப்பியைப் பெட்டியில் வைக்காதீர்கள். மகள் பார்க்கத் தலையில் அணிந்து புறப்படுங்கள். தையல் கோணியிருந்தாலும் சரியே.

நம் இல்லங்களில் நேசத்தை நிலைக்கச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.