சிங்கப்பூர் போயும் சாம்பாரா?

போன வாரம் நான் போட்ட படத்துக்கு வந்த கமெண்ட்டுகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். 45 நிமிஷம் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே, படியுங்கள்.

படத்தில் இருந்தது நானும் என்னோடு வேலை பார்த்த மூன்று டீச்சர்களும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை, எங்கள் முன்னால் வாழை இலை. அதற்கு ஒருத்தன், "டீச்சர், இதுக்கா பாஸ்போர்ட் எடுத்தீங்க?" "இது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்குமே" என்று இன்னொருத்தி. என் தம்பி மகன் ஒருபடி மேலே: "அத்தை, உலகம் சுத்தினாலும் நாம பட்டிக்காடுதான்."

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது, அதைச் சும்மா விட மனசில்லை. பக்கத்து மாலில் பீட்சா தின்று படம் போட்டிருந்தால் ஒருத்தரும் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள். பீட்சா என்ன சிங்கப்பூரில் விளைந்ததா?

சிராங்கூன் சாலைச் சாப்பாடு நம் ஊரிலிருந்து பார்சலில் போனது என்று நினைக்கிறீர்கள். கோமள விலாஸ் அங்கே 1947 முதல் இருக்கிறது. சிங்கப்பூர் தனி நாடானது 1965-ல். அதாவது நாட்டைவிடக் கடைக்கு வயது அதிகம். மீன் தலைக் கறி என்று ஒன்று இருக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு சமையல்காரர், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக ஆரம்பித்தது என்று சொல்வார்கள். நம் வீட்டில் குழம்புக்குள் கிடக்கிற தலை, அங்கே மேஜை நடுவில் ராஜா மாதிரி வருகிறது. பரோட்டாவை அங்கே 'பிராட்டா' என்கிறார்கள், காலையிலேயே கறிக்குழம்போடு சாப்பிடுகிறார்கள், சின்னப் பிள்ளைகள் சர்க்கரை தொட்டுத் தின்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு சீனக் குடும்பம் தோசை சாப்பிட்டது. அவர்கள் என்ன பட்டிக்காடா? அந்த ஊரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அதில் நம் ஆட்களின் அடுப்பும் சேர்த்திதான்.

இப்போது நம் வாசலுக்கு வாருங்கள். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் நடந்து பார்த்திருப்பீர்கள். பான்கேக், பாஸ்தா, பூண்டு வெண்ணெய் தடவிய இறால். பல்லவர் சிற்பம் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் காலையில் பான்கேக் கேட்டால், "பாவம், பழக்கம்" என்று போட்டுக் கொடுக்கிறோம். கறி கேட்டால் காரத்தை எடுத்துவிட்டுக் கொடுக்கிறோம். நாலு வீடு தள்ளி மீனவர் வீட்டில் நெத்திலிக் குழம்பு கொதிக்கும், அது அவர் இலைக்குப் போகாது. அவரை நாம் பட்டிக்காடு என்பதில்லை. அவருக்கு ஒரு நியாயம், உங்கள் டீச்சருக்கு ஒரு நியாயம்.

டூர் கம்பெனியோடு சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போய், பத்து நாளும் ரசம் சாதத்தைத் தவிர எதையும் தொடாமல் திரும்புகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வேறு வியாதி. நாங்கள் லக்சாவும் சாப்பிட்டோம், சிக்கன் ரைஸும் சாப்பிட்டோம். அந்தப் படங்களுக்கு எத்தனை லைக் வந்தது என்றும் பார்த்தேன்.

இன்னொன்று. நாங்கள் நாலு பேரும் வேலைக்குப் போன காலம் முழுக்க விடிகாலையில் எழுந்து சாம்பார் வைத்துவிட்டுத்தான் முதல் மணிக்கு ஓடியிருக்கிறோம். எனக்கு இப்போது 67 வயது. உட்கார்ந்த இடத்துக்குச் சாம்பார் வந்து, இன்னொருத்தர் கையால் இலையில் விழுந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்பது எனக்குப் புது அனுபவம். இதைப் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் என்று எழுதியவள், அவள் அம்மாவை ஒரு தடவை உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு மறுபடி எழுதட்டும்.

பரிமாறிய தம்பி மதுராந்தகம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்றார், போனோம். கட்டுமான வேலைக்குப் போன நம் பிள்ளைகள் தெரு முழுக்க. வாரநாட்களில் அவர்களில் நிறைய பேருக்கு விடியலுக்கு முன்பே கட்டி அனுப்பும் கேட்டரிங் பொட்டலம்தான், மதியம் பிரிக்கும்போது சோறு என்ன கதியில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு வாரத்தில் ஒரு வேளை சூடான சோறு அந்தச் சின்னக் கடைகளில்தான். நீங்கள் 'இதுக்கா' என்று கேட்டது அதைத்தான். கேட்டவர்களில் இரண்டு பேருடைய அப்பா வளைகுடாவில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில்தான் படித்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போகிறவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், கடை இருக்கும் சந்தைச் சொல்கிறேன். அங்கே பணத்தை வெள்ளி என்பார்கள். அதை ரூபாயால் பெருக்கி, "ஒரு தோசை இவ்வளவா?" என்று அந்தத் தம்பியிடம் கத்தாதீர்கள், விலை போடுவது அவரில்லை. எந்த ஊர் என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறையும், நின்று பேசுவார்.