ஆலமரத்தடி வேலை

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப் பேச்சு நடக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். 2003 செப்டம்பரில் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியம் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. அதன் பொத்தான்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்கியவர்களும் தன்னார்வலர்களே. எழுதுவோருக்குச் சம்பளம் கிடையாது, மேலாளர் கிடையாது. இருந்தும் வேலை நடக்கிறது. அது எப்படிப்பட்ட வேலை என்பதை ரிஷிவந்தியம் என்ற ஓர் ஊரை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் பெயர். சொல்லின் முதலில் ரகரம் வராது, ஷகரமோ கிரந்த எழுத்து. ஆகவே இரிசிவந்தியம் என்பதே சரி என்பார் ஒருவர். பேருந்துப் பலகையில் ரிஷிவந்தியம் என்றுதானே இருக்கிறது என்பார் இன்னொருவர். இந்தக் கிரந்தச் சண்டை தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுநாளாக நடப்பது. தீரும் என்று தோன்றவில்லை. இதில் தீர்ப்புச் சொல்வது நிர்வாகி என்ற பொறுப்பில் இருக்கும் தன்னார்வலரின் வேலையன்று. தலைப்பை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறவர்களைப் பேச்சுப் பக்கத்துக்குக் கூட்டிவந்து உட்கார வைப்பதே அவர் வேலை. கடைசியில் ஒரு பெயர் தலைப்பாக நிற்கும், மற்றது வழிமாற்றாக இருக்கும். எதைத் தேடினாலும் ஒரே பக்கம் திறக்கும். அந்த மென்பொருளில் இத்தனை சண்டையைத் தணித்த வசதி வேறு இருக்க முடியாது.

அடுத்தது மாவட்டம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் செயல்படத் தொடங்கியது. விழுப்புரத்தில் இருந்த 22 ஊராட்சி ஒன்றியங்களில் ரிஷிவந்தியம் உள்பட 9 புதிய மாவட்டத்துக்கு வந்தன. அவற்றில் 400க்கு மேற்பட்ட ஊராட்சிகள். ஊராட்சிகளுக்குத் தனிப் பக்கம், ஒன்றியத்துக்கு ஒன்று, சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று. முதல் வரியிலும் தகவல் பெட்டியிலும் பகுப்பிலும் மாவட்டப் பெயர் வரும். இத்தனையையும் கையால் திருத்தினால் விடிந்துவிடும் என்பதால் தானியங்கிகளை ஓட்டுவது வழக்கம். அதற்கும் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும், காரணம் இல்லாமலில்லை. ‘விழுப்புரம்’ என்ற இடத்திலெல்லாம் ‘கள்ளக்குறிச்சி’ என்று போட்டுவிட்டால் உளுந்தூர்பேட்டைப் பக்கம் பிழையாகிவிடும். அந்தத் தொகுதி புதிய மாவட்டத்தில் இருந்தாலும் விழுப்புரம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கும் பழைய மாவட்டத்தின் பெயரில் எடுக்கப்பட்டதுதான். எதை மாற்றக் கூடாது என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசுவதற்கு, மாற்றுவதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

காவல் வேலை தினமும் உண்டு. ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2011இல் விஜயகாந்த் ரிஷிவந்தியத்தில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். இப்படிப் பெயர்பெற்ற தொகுதிகளின் பக்கங்களில் வாக்குகளின் எண்ணிக்கைக்கு மேற்கோள் கேட்பதும், வசையை நீக்குவதும், பொறுக்க முடியாதபோது பக்கத்தைச் சில நாள் பூட்டுவதும் தேவைப்படும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது புதியவரைக் கையாள்வது. கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் கைப்பேசியில் “எங்கள் ஊர் மிக அழகான ஊர்” என்று எழுதிச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கலைக்களஞ்சியத்தில் அந்த வரி நிற்காது. ஒரே சொடுக்கில் நீக்கிவிடலாம். அவரும் திரும்பி வராமலே போகலாம். அந்த ஊரில் பள்ளி எங்கே இருக்கிறது, மழைக்காலத்தில் எந்தப் பாதை அறுந்துபோகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், நீக்கியவருக்குத் தெரியாது. எனவே நீக்கியதற்கான காரணத்தை அவருடைய பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி, மணல்தொட்டியில் பழகிப் பார்க்கச் சொல்லி, ஊரின் படம் ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்பவரே நல்ல நிர்வாகி. இந்த இரண்டு வரிக்குச் சோம்பல்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய நிறுவனமே வந்தாலும் குறையை எடுத்துச் சொல்வதே முறை. 2009 வாக்கில் கூகுள் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தித் தமிழில் கட்டுரைகளை ஏற்றியது. எண்ணிக்கை கூடியது, நடை கரடுமுரடாக இருந்தது. தமிழ் விக்கிப்பீடியர்கள் குறைகளைத் தொகுத்து, 2010இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் எடுத்துவைத்தனர்.

ரிஷிவந்தியம் பக்கத்தில் இன்னும் எங்காவது பழைய மாவட்டம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணில் பட்டால் ‘தொகு’ என்பதை அழுத்தித் திருத்துங்கள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.