லட்ச ரூபாய் டிரெய்னர் யாருக்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் சைக்கிள் ஓட்டத் தனித் துணிச்சல் வேண்டும். எந்தப் பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் என்பது முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். விடியலுக்கு முன்னே கிளம்பி ஜிஎஸ்டி சாலையில் ஏறினால், பெருங்களத்தூரைத் தாண்டி வரும் ஆம்னி பேருந்துகளுக்கு நாம் கண்ணிலேயே படுவதில்லை. அதனால் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் காலையில் மிதிக்கிறவர்களில் பலர், மழை மாதங்களில் வீட்டுக்குள்ளேயே மிதிக்க வழி தேடுகிறார்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம், சக்கரத்தோடு உரசிச் சுழலும் ஓர் உருளை, மிதிப்பதற்குத் தடை கொடுக்க ஓர் அமைப்பு. டர்போ டிரெய்னர் என்பது இவ்வளவுதான்.

பத்தாயிரம் ரூபாயை ஒட்டியும் கிடைக்கிறது, லட்சத்தை நெருங்கியும் கிடைக்கிறது. "ஸ்மார்ட்டாவே எடுத்துடுங்க சார், ஒரே தடவை செலவு" என்பார் கடைத் தம்பி. தாம்பரம் மின்ரயில் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், சர்க்கரைக்காக மிதிக்கிறவன். நான் சொல்வது: நம்மில் பெரும்பாலோருக்கு விலை குறைந்ததே போதும்.

டிரெய்னரில் மூன்று வகை உண்டு. முதலாவதான காந்த வகையின் சூட்சுமம் நம் வீடுகளில் இருந்த பழைய ஈபி மீட்டரில் உள்ளதுதான். கண்ணாடிக்குள் சுற்றும் அலுமினியத் தட்டைக் கட்டுக்குள் வைப்பது பக்கத்தில் இருக்கும் காந்தம். காந்தத்தின் அருகே உலோகத் தட்டு சுழன்றால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது சுழற்சியை எதிர்க்கும். தொடாமலே பிடிக்கும் பிரேக் என்பதால் தேய்மானம் இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டிய லீவரை நகர்த்தினால் தடை கூடும், குறையும். அடுத்தது திரவ வகை. சிலிகான் எண்ணெய்க்குள் விசிறி சுழலும். வேகம் கூடக் கூடத் தடையும் தானாகக் கூடும். சத்தம் குறைவு, விலை சற்று அதிகம்.

மூன்றாவது, கடைத் தம்பி சொன்ன ஸ்மார்ட் வகை. இதில் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே டிரெய்னரின் பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். ஸ்விஃப்ட் போன்ற செயலியோடு இணைத்தால், திரையில் மேடு வரும்போது காலிலும் மேடு தெரியும். சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யுசிஐ 2020-ல் இதற்கு உலக சாம்பியன் போட்டியே நடத்தியது. பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கு வாட் கணக்கு துல்லியமாக வேண்டும், அவர் வாங்கட்டும். சர்க்கரைக்கும் எடைக்கும் மிதிக்கிறவருக்கு மூச்சு வாங்குவதும் சுவர்க் கடிகாரமுமே போதுமான அளவுகோல். செயலிக்கு மாதச் சந்தா வேறு. இந்த வகையில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரமும் வேண்டும். மழை நாளில் மின்சாரம் நம் பகுதியில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விலை குறைந்ததில் ஏமாற்றம் வந்தால், காரணம் பெரும்பாலும் பொருத்தம் பார்க்காததுதான். டிரெய்னரைப் பார்க்கும் முன் உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாருங்கள். அச்சு நட்டு போட்டு முறுக்கியதா, குவிக் ரிலீஸா? டிரெய்னரோடு வரும் கம்பி குவிக் ரிலீஸுக்கானது. நட்டு அச்சுக்கு அதற்கேற்ற நட்டுகளைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளை ஏற்ற ஆசைப்படாதீர்கள். அதன் 28 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு விட்டம் 635 மில்லிமீட்டர். டிரெய்னர்கள் கணக்கில் கொள்ளும் 700சி சக்கரத்துக்கு 622. போதாததற்கு ஸ்டாண்டும் கேரியரும் குறுக்கே நிற்கும். பட்டன் பட்டனாகப் பூ வைத்த எம்டிபி டயர் உருளையில் அதிர்ந்து இரைச்சல் போடும். வழவழப்பான டயர் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். காற்றழுத்தம் தினமும் ஒரே அளவில் இருக்கட்டும். குறைந்தால் டயர் வழுக்கும், தேயும். முன்சக்கரத்தில் மாட்டிய மீட்டர் இங்கே வேகம் காட்டாது, அந்தச் சக்கரம் சுற்றுவதே இல்லை. பின்சக்கரம் உயர்வதால் முன்னே ஒரு மரக்கட்டை வைத்தால் சமமாகும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். காதில் விழும் சத்தத்தைவிட தரை வழியே இறங்கும் அதிர்வுதான் தொல்லை. "விடியக்காலம் அஞ்சு மணிக்கே மாவு அரைக்கறீங்களா அண்ணா?" என்று கீழ்வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டதும் தடித்த ரப்பர் விரிப்பு வாங்கினேன். அடுத்த செலவு மின்விசிறி. வெளியே ஓட்டும்போது எதிர்க்காற்றில் வியர்வை உலரும். வீட்டுக்குள் காற்றும் இல்லை, சென்னையின் ஈரப்பதமும் சேரும். அதே உழைப்புக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். உப்பு வியர்வை சொட்டினால் ஹேண்டில் போல்ட்டுகள் துருப்பிடிக்கும். பெரிய விசிறி, சைக்கிள் மேல் ஒரு துண்டு, கைக்கெட்டும் தூரத்தில் உப்புப் போட்ட மோர்: இந்த மூன்றும் இல்லாமல் லட்ச ரூபாய்க் கருவியும் பயன்படாது.

பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்வத்தில் வாங்கிய பலர் அதைத் துணி காயப்போடவே வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. திரவ வகையில் எண்ணெய்க் கசிவு இருந்தால் தொடவே வேண்டாம். டிரெய்னரோடு வந்த பின்சக்கர அச்சுக் கம்பியையும் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு எளிய இயந்திரத்துக்கு நாம் இறக்குமதியை நம்பியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் வளர்ந்த நகரம் இது. வளைத்த இரும்புக் குழாய், கடைசல் பிடித்த உருளை, இரண்டு பேரிங், ஓர் அலுமினியத் தட்டு, சில காந்தங்கள். இதில் திருமுடிவாக்கம் சிட்கோ பட்டறைகளுக்குத் தெரியாத வேலை எதுவும் இல்லை. நம் நட்டு அச்சுக்கும் நம் சக்கர அளவுக்கும் பொருந்தும்படி ஒன்று செய்து, நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலைக்கு அவர்கள் விற்கட்டும். அடுத்த ஐப்பசிக்குள் வந்தால் முதல் ஆளாக வாங்க நான் தயார்.