சத்தம் இல்லை, நம்ம கதைதான்

பங்க் ராக் என்றாலே நம்ம வீடுகளில் முகம் சுளிப்பார்கள். கிழிந்த ஜீன்ஸ், தொண்டை கிழியக் கத்தல், இதெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்பார்கள். மான்மவுத் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக்கில், வீட்டு பேஸ்மென்ட்களிலேயே பல வருடங்களாக பங்க் கச்சேரிகள் நடக்கின்றன. அங்கே போகும் கல்லூரிப் பிள்ளைகளில் நம்ம பசங்களும் இருக்கலாம். திட்டுவதற்கு முன் வரிகளைக் கொஞ்சம் கவனிப்போம்.

லண்டனின் 'தி கிளாஷ்' குழு 1982-இல் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்று ஒரு பாட்டுப் போட்டது. வேலை இழந்த தொழிலாளி, ஒதுக்கப்படும் குடியேறி, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகள்... யாருக்கும் வேண்டாதவர்களின் பாட்டு அது.

அதன் இசையை எடுத்து 2007-இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை உருவாக்கியவர் ஒரு தமிழ்ப் பெண். எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மறுபடியும் லண்டனுக்கு அகதியாகப் போனவர். அமெரிக்க விசா கிடைக்காமல் அலைந்த கோபத்தில் பிறந்த பாட்டு அது. "நான் நல்லவள், உள்ளே விடுங்கள்" என்று அவர் கெஞ்சவில்லை. நீங்கள் என்னைத் திருடி என்று நினைக்கிறீர்களா, சரி, திருடியாகவே பாடுகிறேன் என்று துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் சேர்த்துப் பாடினார். சுத்தமான நம்ம ஊர் நக்கல்! 2008-இல் அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது.

நாம் எப்படி இருக்கிறோம்? எச்1பி-யில் வேலை போனால் கையில் 60 நாள்தான். அதனால் "நமக்கெதுக்கு வம்பு" என்று வாயை மூடிப் பழகிவிட்டோம். அது கோழைத்தனம் இல்லை, பிழைப்பு. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள், வாய் மூடி இருப்பதுதான் தமிழ்ப் பண்பாடு என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழிலேயே எதிர்ப்புப் பாட்டு இருக்கிறது. பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறியது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து சாதியைக் கேள்வி கேட்டது. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் பாடியது. அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சிந்தனையில் இருந்து வந்த பெயர் அது.

இங்கேதான் நமக்குச் சிக்கல். எம்.ஐ.ஏ. பாட்டு விசா ஆபீசரைக் கேள்வி கேட்கிறது, அதனால் கைதட்டுகிறோம். காஸ்ட்லெஸ் பாட்டு நம்மையே கேட்கிறது, உடனே நெளிகிறோம். அப்படியென்றால் நமக்குப் பிடித்தது எதிர்ப்பு அல்ல, நமக்காகப் பேசும் எதிர்ப்பு மட்டும்தான்.

பிள்ளைகளுக்கு இரண்டு பாட்டையும் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். நம்ம தாத்தா காலத்துக் கதையையும் சேர்த்தே கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்வோம்.