மருந்தில்லாத மருந்துக்கடை

அரசாங்கம் சுகாதாரத் திட்டங்களுக்கான பணத்தைக் குறைத்தது என்ற செய்தியைப் படிக்கிறோம். கோடிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தக் கோடிகள் கடைசியில் எங்கே குறைகின்றன? மருந்துக்கடையின் தட்டிலே குறைகின்றன.

மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிய வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நிற்கவில்லை. அருகிருந்து மருந்து கொடுப்பவனையும் நான்காவதாகச் சேர்த்தார். நமது வரவு செலவுத் திட்டங்களோ அந்த நான்காமவனை மறந்துவிடுகின்றன.

நாம் வாழும் கேரளத்தையே பார்ப்போம். 1994இல் தமிழ்நாட்டில் தோன்றிய மருத்துவப் பணிகள் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2007இல் இங்கும் ஒரு கழகம் நிறுவப்பட்டது. அதன்கீழ் நடப்பவையே காருண்யா சமுதாய மருந்தகங்கள். மொத்தமாக வாங்கி மலிவாக விற்பது அவற்றின் முறை. 2024 ஆகஸ்டில் புற்றுநோய் மருந்துகளை இலாபமின்றி விற்கும் முகப்புகளும் மாவட்டத்திற்கு ஒன்றாகத் திறக்கப்பட்டன. போற்றத்தக்க பணி இது, மறுப்பார் இல்லை.

ஆனால் இந்த முறைக்கு உயிர்நாடி ஒன்று உண்டு. அதுதான் காலத்தில் வரும் பணம். திட்டத்தில் சேர்ந்த நோயாளிக்கு மருந்து இன்றே கொடுக்கப்படுகிறது. அதற்கான தொகையோ என்றோ வருகிறது. வராவிட்டால் விநியோகஸ்தருக்குப் பாக்கி. பாக்கி ஏறினால் சரக்கு நிற்கும். 2025 ஜனவரியில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பல மாதப் பாக்கியின் காரணமாக விநியோகஸ்தர்கள் மருந்து அனுப்புவதை நிறுத்தினர்.

மத்திய அரசுக்கும் இதில் பங்குண்டு. தேசிய சுகாதார இயக்கத்தின் செலவில் நூற்றுக்கு 60 மத்திய அரசுடையது, 40 மாநிலத்துடையது. 2023-24இல் சுகாதார நிலையங்களுக்கு எந்தப் பெயர்ப்பலகை மாட்டுவது என்ற தகராறில் 636.88 கோடி ரூபாய் வரவில்லை என்று அன்றைய மாநிலச் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் கூறினார். 2024 ஜூனில் மாநிலம் புதிய பெயரை ஏற்றுக்கொண்டது. இடையில் மாநிலம் தன் பணத்தைக்கொண்டு ஈடுகட்ட வேண்டியதாயிற்று. ஒன்றை ஈடுகட்டும் பணம் மற்றொன்றைத் தள்ளிப்போடும் பணமன்றோ?

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தில் சமுதாய மருந்தகங்களுக்கு அரசு அளித்த 280 கோடி பவுன், 2017-18இல் 259.2 கோடியாகக் குறைக்கப்பட்டது. 2019 முதல் ஐந்தாண்டுகள் அதே தொகையே நீடித்தது. விலைவாசி ஏறியது, மருந்தகங்களின் எண்ணிக்கை இறங்கியது.

மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை சுமப்போரிலும், கொச்சிக் கோட்டை டோபி கானாவில் துணி வெளுப்போரிலும் நம்மவர் பலர். அரசுக் கடையில் 'இல்லை' என்ற சொல் கேட்டால் அவர்கள் தனியார் கடைக்குப் போகிறார்கள். பத்து நாள் மாத்திரைக்குச் சீட்டு இருக்கும். ஐந்து நாளுக்குத்தான் கையில் காசு இருக்கும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் பாதி மருந்துக்கு அடங்குமா? தெருமுனைக் கடைக்காரருக்கும் இதனால் கொள்ளை இலாபம் என்று எண்ணிவிட வேண்டாம். விலைக்கட்டுப்பாட்டு மருந்துகளில் சில்லறை வியாபாரிக்கு 2013ஆம் ஆண்டு ஆணை வகுத்த பங்கு நூற்றுக்கு 16தான். அதிலேதான் வாடகை, சம்பளம், தெரிந்தவர்க்குக் கடன், எல்லாம்.

கருவூலத்தில் பணமில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் பாக்கி வைப்பது சிக்கனமாகாது. பணம் தாமதமாகுமென்று அறிந்த வியாபாரி, அடுத்த ஒப்பந்தத்தில் அந்தத் தாமதத்தையும் விலையிலே சேர்த்துவிடுவான். சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மருந்துப் பணம் முழுமைக்கும் அந்த வரம்பை விதியாக்குக. அதைத் தனிக் கணக்கில் வைத்து வேறு செலவுக்குத் தொடாதிருக்க. இருப்பில் உள்ளவை, இல்லாதவை எவை என்று ஒவ்வொரு மருந்தகத்திலும் நாள்தோறும் பலகையில் எழுதுக.

நண்பர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத நம் தொழிலாளர்களுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லலாம். அதே மருந்து மலிவான பெயரில் கிடைக்குமா என்று மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் அவர்களுக்காகக் கேட்கலாம். 'இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட மருந்துகளைத் தேதியோடு குறித்து வைத்து, மாதந்தோறும் மாவட்ட மருத்துவ அதிகாரிக்கு அனுப்பலாம். வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். நம் சங்கம் இதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக்க வேண்டும்.