பொன்வண்டு மேல பழி போடாதீங்க

மாமரத்துல ஓட்டை, கீழ மரத்தூள் கொட்டிக் கிடக்கு. பூச்சிமருந்துக் கடையில "பொன்வண்டு வேலைங்க"ன்னு ஒரு பாட்டிலை நீட்டினாங்க. நான் ஒத்துக்கல. தீப்பெட்டியில கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டுக்கு மீசை குட்டை, உடம்பு மின்னும். அதோட புழு மண்ணுக்குள்ள வேர் தின்னும். மா தண்டுதுளைப்பான் சாம்பல் நிறம், மீசை நல்லா நீளம். பொன்வண்டு குடும்பத்துலயும் மரம் துளைக்கிறது உண்டுதான், ஆனா அது வெளிய வர்ற ஓட்டை ஒருபக்கம் தட்டையா இருக்கும். (மல்லாந்தா 'டிக்'னு துள்ளுறது வேற வண்டு!) என் மரத்துல வட்ட ஓட்டை. கம்பி விட்டுப் புழுவைக் குத்தி எடுத்தேன். அந்த மருந்தை இலையில அடிச்சிருந்தா தண்டுக்குள்ள இருந்த புழு அப்படியேதான் இருந்திருக்கும். வரப்போர உடைமரத்துப் பொன்வண்டுதான் செத்திருக்கும்.